ஊசி டப்பாவுக்கு வைத்த குங்குமம்

எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மைசூர் மண்டி மொஹல்லாவில் சொந்தக் கடை வைத்து எரிந்த மோட்டார்களுக்குக் கம்பிக் காயில் சுற்றிச் சம்பாதிக்கிற மனுஷன், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடக் கஞ்சப்படுகிறான் என்று. பேச்சில் நியாயம் இருந்தது. சாயங்காலம் கடை அடைத்து வரும்போது தெருமுனையில் என் வண்டி அணைந்துவிடும். அங்கிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டுதான் வருவேன். எதிர்வீட்டில் பேங்கிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கன்னடம் கலந்து கேட்பார்.

"ஏனு சார், இன்னிக்கும் பெட்ரோல் காலியா?"

"காலி சார்."

"டேங்க்ல ஓட்டை இருக்கும். செக் பண்ணிடுங்க."

"ஓட்டை வண்டிக்காரன்கிட்ட சார்" என்பேன். அவர் சிரித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்.

டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கும். வண்டியை அணைத்துத் தள்ளியது ஒரு நாய்க்காக. நாய் என்றால் பெரிய வேட்டை நாய் இல்லை. ஒரு கொழுத்த சேவலைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

எங்கள் மகள் கல்லூரியில் படிக்கும்போது ஒரு செருப்பு டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். பொமரேனியன் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். கால்நடை டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அதுவும் கொஞ்சம் இருக்கு" என்றார். மகள் படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமாகி ஹூப்ளிக்குப் போய்விட்டாள். செருப்பு டப்பாவில் வந்தது எங்களோடு தங்கிவிட்டது. மனைவிக்கு அது பாப்பா. எனக்கு எசமானி. அப்படிக் கூப்பிடக் காரணம் உண்டு. என் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் கேட்டுக்கு வந்து கம்பியைப் பிறாண்டும். நேரம் கழித்து வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டும். திட்டி முடித்ததும் அதைத் தூக்கி ஸ்கூட்டரின் கால்வைக்கிற பலகையில் நிறுத்தி, பால் பூத் வரை ஒரு சுற்றுக் கூட்டிப்போய் வர வேண்டும். அதன் பிறகுதான் எனக்கு வீட்டுக்குள் அனுமதி. தண்ணீர் லாரிக்காரனைப் பார்த்தால் என் கால் இடுக்கில் நின்றுகொண்டு அவனை அதட்டும். கல்யாணத்துக்குப் பிறகு என்னை நம்பி யாரும் இவ்வளவு துணிச்சலாகப் பேசியதில்லை.

நோய் வந்ததை நாங்கள் நோய் என்று கண்டுபிடிக்கவில்லை. தண்ணீர் நிறையக் குடித்தது. வெயில் என்றோம். வெயில் போய் மழை வந்த பிறகும் குடித்தது. ஹாலில் ஈரம் செய்தது. "வயசானா நாமளுந்தான்" என்றேன். "நீங்க உங்களைச் சொல்லுங்க" என்றாள் மனைவி. பிறகு முதுகெலும்பு கையில் தட்டுப்பட ஆரம்பித்தது. வாயில் ஒரு நாற்றம். ஒரு நாள் காலையில் மஞ்சளாக வாந்தி எடுத்துவிட்டு, செய்யக்கூடாததைச் செய்த மாதிரி மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். அவர் கன்னடக்காரர். என்னிடம் மட்டும் பாவப்பட்டுத் தமிழ் பேசுவார்.

"கிட்னி ரெண்டும் ரிட்டையர் ஆகிட்டு வருது சார். குணம் ஆகாது. சமாளிக்கலாம்."

எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. நான் வாழ்க்கையில் எதைக் குணப்படுத்தியிருக்கிறேன். எரிந்த மோட்டாராகட்டும், குடும்பமாகட்டும், சமாளித்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த தொழிலையே கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

சாப்பாட்டிலிருந்து தொடங்கினோம். கிட்னிக்கென்றே விற்கிற தீவனம் ஒன்று வாங்கினோம். எசமானி ஒரு உருண்டையை வாயில் எடுத்து, நடந்துபோய், என் செருப்புக்குள் வைத்துவிட்டு வந்தது. அதன்பின் டாக்டரைக் கேட்டு, உப்பில்லாத சோறும் முட்டையின் வெள்ளைக்கருவும் என்று முடிவானது. கறி எலும்பு கிடையாது. சோற்றில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து பிசைய வேண்டும். மஞ்சள் கரு எல்லாம் வீணாகப் போகக் கூடாதென்று என் தட்டுக்கு வந்தது. ஒரு சில மாதத்தில் என் டாக்டர் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "என்னதான் சாப்பிடறீங்க?" என்று கேட்டார். "நாய் சாப்பிடாததை" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம் ஊசி. உடம்பில் நீர் வற்றாமல் இருக்கத் தோலுக்கு அடியில் சலைன் ஏற்ற வேண்டும், அதை வீட்டிலேயே செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார். தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அதற்குள் ஊசியைச் செருகி, பாட்டிலைத் திறந்துவிட வேண்டும். என்ன பெரிய வேலை என்றேன். தலைமுடி கனத்துக் கம்பியைக் கணக்குத் தப்பாமல் சுற்றுகிற கை. முதல் நாள் ஊசி தோலின் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துவிட்டது. சலைன் முழுக்க என் மடியில்.

"பாப்பாவுக்கு ஏத்தச் சொன்னா வேட்டிக்கு ஏத்தறீங்க" என்றாள் மனைவி. நாயின் முகத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள். எப்படித் தெரிந்ததோ.

போகப்போகக் கை பழகியது. கடையிலிருந்து ஒயரிங் பைப்பையும் ஃபேன் கொக்கியையும் கொண்டுவந்து பாட்டில் மாட்ட ஒரு ஸ்டாண்டு செய்தேன். பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்குவேன். ஏற்றி முடித்ததும் எசமானிக்கு முதுகில் ஒரு திமில் வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அது சரிந்து ஒரு பக்கக் காலுக்கு இறங்கும். ஒரு தோளில் பை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிற மாதிரி நடந்துபோகும். அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பசி திரும்பியது, வாந்தி நின்றது. உண்மையாகவே சமாளித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அது கணக்குப் போட்டுவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டால் நான் வருவேன், நான் வந்தால் ஊசி வரும். முன்பு வண்டி தெருமுனைக்கு வந்ததும் கேட்டுக்கு ஓடிவரும், இப்போது கட்டிலுக்கு அடியில் ஓடியது. எங்கள் வீட்டுக் கட்டிலடி அதற்குப் புது இடமில்லை. தசராவுக்கு முன்னால் பீரங்கிச் சத்தத்துக்கு ஊர்வல யானைகளைப் பழக்கிவைப்பார்கள். நாய்களை யாரும் பழக்குவதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒத்திகை தொடங்கியதும் எசமானி கட்டிலடிக்குள் போய்விடும். அதன் கணக்கில் இப்போது பீரங்கியும் நானும் ஒரே வரிசை.

இத்தனைக்கும் முகத்தைப் பிடித்துக்கொள்கிற என் மனைவியை அது மன்னித்துவிட்டது. நான் குனிந்து, கையை நீட்டி இழுக்கும்போது ஒருநாளும் என்னைக் கடித்ததில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும். கடித்திருக்கலாம்.

அதனால்தான் வண்டியை முனையிலேயே அணைத்தேன். தள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் அதை ஏமாற்ற முடிந்தது. பிறகு கேட்டின் கொக்கிச் சத்தத்தைக் கண்டுபிடித்தது, அதற்கு எண்ணெய் போட்டால் செருப்புச் சத்தத்தைக் கண்டுபிடித்தது. செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குள் நானே திருடன் மாதிரி நுழைந்திருக்கிறேன். கட்டிலடியிலிருந்து வால் நுனி மட்டும் தெரியும். பயனில்லை என்று தெரிந்தும் தள்ளிக்கொண்டே வந்தேன். அந்தச் சத்தம் கேட்டு அது ஓடுவதை நான் கேட்காமல் இருக்கலாம் இல்லையா.

தசரா வந்தது. அந்த வாரம்தான் எசமானிக்கு மறுபடி ரத்தம் எடுத்துக் கொடுத்திருந்தோம். பண்டிகை இரைச்சலில் ரிப்போர்ட் வரவில்லை என்பதும் எனக்கு மறந்துபோயிருந்தது. ஆயுத பூஜை அன்று காலையில் கடையில் பூஜை முடித்து, பூசணிக்காய் உடைத்து, வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரைக் கழுவிச் செவ்வந்தி மாலை போட்டேன். வீட்டுப் பூஜை மனைவியின் இலாகா. அவள் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கம், ஊர் வழக்கத்தில் ஒரு இழை குறைய விடமாட்டாள். அரிவாள்மனை, தையல் மெஷின், என் பழைய டெஸ்டர், மகளின் காலேஜ் புத்தகம், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. பொரியும் கடலையும் வெல்லமும் படைத்துக் கும்பிட்டோம். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமி அன்றுதான் எடுக்க வேண்டும், எடுத்ததும் அதில் கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும். சின்ன வயதில் பாடப்புத்தகத்தை வைத்துவிட்டு ஒரு நாள் விடுதலை அனுபவித்தவனுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாயங்காலம் பாட்டிலை வெந்நீரில் வைக்கப் போனேன். அலமாரியில் பாட்டில் இல்லை. ஊசி டப்பாவும் இல்லை. ஜன்னலோரம் ஸ்டாண்டு இல்லை.

"ஏம் புள்ள, மருந்துச் சாமானெல்லாம் எங்க?"

அவள் பூஜை அலமாரியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அரிவாள்மனைக்குப் பின்னால் ஸ்டாண்டு நின்றது. ஃபேன் கொக்கியில் மல்லிகைச் சரம். டப்பாவின் மூடி மேல் நல்ல பெரிய குங்குமப் பொட்டு. பாட்டிலின் கழுத்தில்கூட ஒரு செவ்வந்தி.

"அதையும் வெச்சுப்போட்டேனுங்க."

"அதுல இன்னிக்கு வேலை இருக்குதே."

"காலைல நெனப்பு வரலீங்க. சோறு போடற ஆயுதத்தைக் கும்பிடறோம், பாப்பா உசுரைப் பிடிச்சு வெச்சிருக்கிறதைக் கும்பிட வேண்டாமான்னு தோணுச்சு. நல்லா வேலை செய்யோணும்னு வேண்டிக்கிட்டுத்தான் வெச்சேன்."

"வேற ஊசி?"

"எல்லாம் அந்த டப்பாவுலதான்."

"அரிவாள்மனையும் சாமிகிட்ட இருக்குது. மத்தியானம் கத்திரிக்காய் நறுக்குனயே, எதுல?"

"கத்தி ஒண்ணு எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தேன். அது எப்பவும் செய்யறதுதானுங்க." குரல் இறங்கிவிட்டது. "ஊசிக்குத் தோணாமப் போச்சு."

எடுக்கலாம் என்று நானும் சொல்லவில்லை, எடுக்கக்கூடாது என்று அவளும் சொல்லவில்லை. நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டு கையை நீட்ட வரவில்லை. டாக்டரைக் கேட்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"என் ஸ்டெதஸ்கோப்பும் பூஜையிலதான் சார் இருக்கு. ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது." பிறகு சிரிப்பு நின்றது. "ரிப்போர்ட் வந்துடுச்சு. பண்டிகை முடியட்டும்னுதான் கூப்பிடலை."

"சொல்லுங்க."

"ரத்தத்துல இருக்கிற கழிவு இறங்கலை சார். நிறைய ஏறியிருக்கு. நாம கொடுக்கிற தண்ணியை வெச்சு இனிமே ஒண்ணும் செய்ய முடியாத இடத்துக்கு வந்துடுச்சு."

"ஏத்திக்கிட்டே இருந்தா?"

"சில நாள் கூடலாம். எப்படிப்பட்ட நாள்னு வீட்ல இருக்கிற நீங்கதான் சொல்லணும். உங்களைப் பார்த்தா வாலாட்டுதா?"

"என்னைப் பார்த்தா வாலைக் காட்டுது மேடம். மீதியெல்லாம் கட்டிலுக்கு அடியில."

இதற்கும் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "வாந்தி மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. ரொம்பக் கஷ்டப்படுதுன்னு தெரிஞ்சா கூப்பிடுங்க, நான் வீட்டுக்கே வர்றேன்" என்றார்.

உள்ளே வந்து, "ஒரு நாள் விட்டாப் பரவாயில்லையாம்" என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். பொரிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஹாலில் தரையில் உட்கார்ந்தேன். எசமானி வழக்கப்படி கட்டிலடியில் காத்திருந்தது. ஊசி நேரம் கடந்தது. மூக்கு வெளியே வந்தது. பிறகு ஒரு கண். ஜன்னலோரம் ஸ்டாண்டு நிற்கிற இடத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை. என் கையைப் பார்த்தது. பொரி. நான் அசையாமல் இருந்தேன். நடந்து வந்து, ஒரு முழம் தள்ளி நின்று, என் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து சோதனை செய்தது. போலீஸ்காரன் லைசென்ஸ் பார்க்கிற மாதிரி. பிறகு பக்கத்தில் படுத்துக்கொண்டது. மடியில் இல்லை, பக்கத்தில். என் கால் மரத்துப்போனது. அதற்காக எழுந்திருக்கிற முட்டாள் இல்லை நான்.

மறுநாள் ஊரே ஜம்பு சவாரி யானை ஊர்வலத்துக்கு அரண்மனைப் பக்கம் போய்விட்டது. தெருவில் யாருமில்லை. நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். எசமானி சற்றுத் தள்ளி வெயிலில் படுத்திருந்தது. வெள்ளை முடிக்குள் எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. யானை கிளம்பியிருக்கும், முதல் பீரங்கி முழங்கியது.

எசமானி எழுந்து நின்றது. கால் நடுங்கியது. கட்டில் இருக்கிற அறைப் பக்கம் திரும்பியது. அடுத்த முழக்கம். அது அறைக்குப் போகவில்லை. என்னிடம் வந்தது. படி ஏற முடியாமல் முன்கால் இரண்டையும் என் முழங்காலில் வைத்துக்கொண்டு நின்றது. தூக்கினேன். வேட்டிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது. ஒவ்வொரு முழக்கத்துக்கும் அதன் உடம்பு என் வயிற்றில் அதிர்ந்தது. பீரங்கி இன்னும் கொஞ்ச நேரம் வெடிக்கட்டும் என்று மைசூரில் அன்றைக்கு வேண்டிக்கொண்ட நாய்க்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சத்தம் ஓய்ந்த பிறகு மனைவி வந்தாள். ஒரு கையில் ஸ்டாண்டு, ஒரு கையில் டப்பா. பொட்டை அழிக்கவில்லை.

"எடுத்துட்டேனுங்க. இன்னிக்குத் தொடங்குனா நல்லபடியா நடக்கும். பாட்டிலை வெந்நீர்ல வெச்சிருக்கேன்."

"வேண்டாம் புள்ள."

"நேத்தும் விட்டாச்சு."

"வேண்டாம்."

"எடுத்த ஆயுதத்துல வேலை செய்யாம இருந்தா ஆகாதுங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் என் மடியைப் பார்த்து நின்றாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அது அங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். "டாக்டரம்மா வேறென்ன சொன்னாங்க?"

சொன்னேன். எதையாவது வேடிக்கையாகச் சேர்த்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் ஸ்டாண்டைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் குங்குமம்.

"நல்லா வேலை செய்யோணும்னுதானுங்க வேண்டிக்கிட்டேன்."

"அது நல்லாத்தான் செஞ்சுது. நாமளும் செஞ்சோம்."

"பாப்பா உங்க கிட்ட வந்துட்டா" என்றாள். பிறகு உள்ளே போய் அடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தாள். அவள் போன பிறகு அந்தப் படியில் நான் செய்ததை எழுத வேண்டியதில்லை. பேப்பர் நனைந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கிடைத்த நாட்கள் கொஞ்சம். வாந்தி மாத்திரை மட்டும் கொடுத்தோம். சாயங்காலம் வண்டியை முனையில் அணைக்கவில்லை. ஹாரன்கூட அடித்தேன். முதல் நாள் கேட் வரை வந்தது. ஸ்கூட்டரில் செவ்வந்தி மாலை காய்ந்து தொங்கியது. பலகையில் நிற்கக் காலில் பலமில்லை, மனைவியின் துண்டைப் போட்டுப் படுக்கவைத்து, நடக்கிற வேகத்தில் பால் பூத் வரை போய்வந்தோம். எதிர்வீட்டுக்காரர் செடிகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பெட்ரோல் போட்டாச்சா சார்?"

"ஃபுல் டேங்க் சார்."

எசமானி அவரைப் பார்த்து ஒரு முறை குரைத்தது. குரைப்பு என்று எங்களுக்குத்தான் தெரியும். அவருக்கு இருமல் மாதிரிக் கேட்டிருக்கும்.

பிறகு ஒரு நாள் வாசற்படி வரைதான் வந்தது. பிறகு தலையை மட்டும் தூக்கியது. வெள்ளைக்கருவையும் ஒதுக்கியது. இனி எதையும் மறுக்க வேண்டாம் என்று மனைவி கறிக்குழம்பிலிருந்து ஒரு துண்டை உப்புப் போகக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். முகர்ந்து பார்த்துவிட்டு அவள் கையை நக்கியது. கறியைத் தொடவில்லை. மறுநாள் காலையில் தண்ணீரும் இறங்கவில்லை. குனிந்து குனிந்து ஓங்கரித்தது. நான் டாக்டரைக் கூப்பிட்டேன்.

சொன்னபடியே வீட்டுக்கு வந்தார். எங்கே படுக்கவைக்கலாம் என்று கேட்டார். மடியில் இருக்கட்டும் என்றேன். "நீங்க கண்ணை மூடிக்கலாம்" என்று என் மனைவியிடம் சொன்னார். அவள் அன்றைக்கு மூடவில்லை. எசமானி ஊசியைப் பார்த்தது. பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தது. என் கைகள் இரண்டும் காலியாகத்தான் இருந்தன. அதன் கணக்குக்கு அது போதும் போல. தலையை என் முழங்கையில் வைத்துக்கொண்டது. டாக்டர் மெதுவாகத்தான் செய்தார். என்னைவிட எவ்வளவு நன்றாகச் செய்தார்.

மகள் ஹூப்ளியிலிருந்து போன் செய்தாள். அழுகை வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். எல்லாம் பேசி முடித்த பிறகு தமிழுக்குத் திரும்பி, "நோவு இல்லாமப் போச்சாப்பா?" என்று கேட்டாள். இல்லாமல் போனது என்றேன். அந்த வார்த்தையை அவளிடம் உறுதியாகச் சொல்ல முடிந்ததே என்றிருந்தது.

மீதி பாட்டில்களையும் பிரிக்காத ஊசிகளையும் கிளினிக்கில் கொடுத்துவிட்டேன். டப்பாவோடுதான் கொடுத்தேன். மூடியில் கோடுகோடாகக் குங்குமம் ஒட்டியிருந்தது. துடைக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் சார், எங்க பேஷண்ட்டுகளுக்கும் வேணும்" என்றார் டாக்டரம்மா. ஸ்டாண்டில் மனைவி இப்போது கொத்துமல்லி விதைத்த தொட்டியைத் தொங்கவிட்டிருக்கிறாள். எடுத்த ஆயுதத்துக்கு வேலை கொடுத்தாகிவிட்டது.

போன வாரம் கடை அடைத்து வரும்போது தெருமுனையில் கை தானாகச் சாவியைத் திருப்பிவிட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்யலாம். செய்தால் அந்தச் சத்தம் கேட் வரைக்கும் போகும், அங்கே யாரும் வர மாட்டார்கள். இறங்கித் தள்ளினேன். எதிர்வீட்டுக்காரர் ஹோஸ் பைப்போடு நின்றிருந்தார்.

"ஏனு சார், மறுபடியும் காலியா?"

"காலி சார்" என்றேன்.

அவர் டேங்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பைப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து, வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக் கேட் வரைக்கும் தள்ளிக் கொடுத்தார்.